ஒத்தை மைக்

“சத்தம் கேக்குதா அண்ணா?” என்று ரோஸ்லெட் ஸ்டீயரிங்கைப் பார்த்துக் கேட்டாள்.

“அங்க என்னத்தப் பாக்க? லேப்டாப்பப் பாரு” என்றார் ஜெயசிங்.

“மைக் இங்கதான இருக்கு?”

“மைக் இங்க இருக்கும். மூஞ்சி அங்க இருக்கணும்.”

திருவட்டாறு வீட்டு முற்றத்தில் நின்ற காரின் முன்சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். டாஷ்போர்டின் மேல் லேப்டாப். அதற்குள்ளே பேச்சிப்பாறையில் இருக்கும் தங்கப்பன், ரோஸ்லெட்டின் ஒரே அண்ணன். அவர் தோளுக்குப் பின்னால் அவர் மனைவி ஜெபமணி. இருவரும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பன் வீட்டில் லேப்டாப்பில் செருகிய நெட் குச்சிக்கு உயரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் அவருடைய ரப்பர் மரங்களில் பால் வெட்டும் சுடலையாண்டி லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை வலிக்கும்போதெல்லாம் இங்கே தங்கப்பன் நெற்றியில்லாமல் தெரிந்தார்.

ஜெயசிங்கின் மகள் லிஜாவுக்கு அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் கல்யாணம். கார்டு அச்சாகி வந்துவிட்டது. முதல் கார்டு தாய்மாமனுக்கு. அதுவும் முகம் பார்த்து விளிக்க, அதாவது அழைக்க, வேண்டும். போனில் விளித்தால் மானக்கேடு. அப்படி விளிக்கப்பட்ட மாமன் பிணங்கிவிட்டால், கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்துக் காரில் ஏற்ற ஆள் இல்லை. மாமன் கை பிடிக்காமல் ரோஸ்லெட்டின் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வீட்டுப் படி இறங்கியதில்லை.

இதெல்லாம் ஜெயசிங்குக்குத் தெரியும். ஆனால் மார்த்தாண்டத்தில் கார்களுக்குப் பாட்டுச் செட்டு பொருத்தும் கடை வைத்திருக்கும் அவருக்கு, பேச்சிப்பாறை போய்வர ஒரு பகல் கடையைப் பூட்ட மனம் வரவில்லை. “முகம் பாத்து விளிக்கணும், அவ்வளவுதானே? முகந்தான் தெரியுமே!” என்று மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தார். அது 2015. முகம் தெரிவதில் அப்போது குறை ஒன்றும் இல்லை.

லேப்டாப்பின் மைக் மட்டும் செத்துப்போயிருந்தது. அதற்கும் ஜெயசிங்கிடம் வழி இருந்தது. அவர் கடையில் புதிதாக வந்திருந்த செட்டை முதலில் தன் காரில்தான் பொருத்தியிருந்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக். போனும் சேரும், லேப்டாப்பும் சேரும். ஒரே மைக் எல்லாவற்றுக்கும் போதும் என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்கே அதன்மேல் ஒரு பக்தி வந்திருந்தது.

“மச்சான், வார இருவத்தஞ்சாம் தேதி கல்யாணம். குடும்பத்தோட வரணும்” என்று கார்டை லேப்டாப்பின் முன்னால் விரித்துக் காட்டினார்.

தங்கப்பன் கார்டைப் பார்த்தார். “இத எப்பிடி நான் வாங்க?” என்றார்.

“பொறவு தபால்ல வரும்.”

“தபால்லயா?” என்று தங்கப்பன் கேட்டு முடிப்பதற்குள் படம் அப்படியே நின்றது. பிறகு கறுத்தது. அதே நேரத்தில் காரின் ஸ்பீக்கரெல்லாம் அலறின. ஜெயசிங்கின் போன். ரோஸ்லெட்டின் தங்கை புருஷன் ஜெபசீலன்.

“லைன் போச்சு. செரி, விடு” என்று ஜெயசிங் பட்டனை அமுக்கிப் போனை எடுத்தார்.

“அண்ணே, பேச்சிப்பாற மச்சான விளிச்சாச்சா?” என்று ஜெபசீலனின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

“விளிச்சாச்சு, விளிச்சாச்சு. லேப்டாப்புல.”

“அய்யோ! நேர்ல போவல்லியா?”

“அங்க போனா ஒரு சாயா குடிக்கதுக்குள்ள ரப்பர் வெல கொறஞ்ச கத மூணு கேக்கணும். பால்ல வெள்ளம் சேத்து விக்கிய மனுசனுக்கு வெல கொறஞ்சா என்ன, கூடினா என்ன?”

வேறு நாளாக இருந்தால் ரோஸ்லெட் இந்த இடத்தில் சண்டைக்கு வந்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கும் அண்ணன்மேல் ஒரு வருத்தம் இருந்தது. ‘இத எப்பிடி நான் வாங்க’ என்று கேட்டாரே தவிர, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எனக்க அண்ணனாட்டுப் போச்சு, இல்லெங்கி நான் சொல்லியிருப்பேன்” என்று அவளும் ஆரம்பித்தாள். “லிஜாவுக்க ஞானஸ்நானத்துக்கு ஒரு மால இட்டாருல்லா? மூணாம் மாசம் பச்ச நெறம். கவரிங்காக்கும்! இருவத்திநாலு வருசமா நான் வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல.”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளையளு மாதிரி மீசைக்கு மையும் பூசிக்கிட்டு” என்று ஜெயசிங் சேர்த்துக்கொண்டார். “வெயில்ல நின்னா மை நாடி வர எறங்கும். கல்யாணப் போட்டோவுல அத யாரு அழிக்க?”

மூன்று பேரும் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஜெபசீலன் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

ரோஸ்லெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

லேப்டாப்பில் படம் இருந்தது. தங்கப்பன் வாயைத் திறந்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜெபமணி கையால் வாயைப் பொத்தியிருந்தார். ஜெயசிங்கும் வாயைத் திறந்தார். நான்கு பேரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கப்பன் பாய்ந்து வந்து மூடியை அறைந்து சாத்தினார். லைன் போயிற்று. இந்தத் தடவை உண்மையாகவே போயிற்று.

“கேட்டுட்டாரு” என்றாள் ரோஸ்லெட்.

“கேட்டுருப்பாரோ?”

“மைக் இங்கதான இருக்கு? ஒரே மைக் எல்லாத்துக்கும்ன்னு நீங்கதான சொன்னிய? எல்லாத்தையும் கேட்டுட்டாரு!”

ஜெயசிங் மைக்கைத் திரும்பிப் பார்த்தார். அந்த மைக்கை அவர் அறுபது பேருக்கு விற்றிருந்தார்.

அன்று முழுக்க ரோஸ்லெட் சோறு தின்னவில்லை. அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு அவளுக்குப் பாவாடை வாங்கித் தந்ததும், காய்ச்சலில் குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு முதுகில் சுமந்து போனதும் அந்த அண்ணன்தான். கவரிங் மாலை இட்ட வருஷம் ரப்பர் விலை தரையில் கிடந்தது என்பதும் அவளுக்கு இப்போதுதான் ஓர்மைக்கு வந்தது.

“எனக்க அண்ணன் வந்து கை பிடிக்காம எனக்க பிள்ள படி எறங்கினா, நான் சர்ச்சுக்கு வரமாட்டேன். நீங்களே கட்டிக் குடுங்க” என்றாள்.

“நான் பேசுதேன். மன்னிப்புக் கேட்டா தீர்ந்து போச்சு” என்றார் ஜெயசிங்.

மறுநாள் காலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தங்கப்பனுக்கு போன் போட்டார். எதிர்ப்பக்கம் மணி அடிப்பது காதில் விழவில்லை. ஆனால் எடுத்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாகப் போனில் விநாடிகள் ஓடத் தொடங்கின.

“மச்சான், வைக்காண்டாம், நான் சொல்லுகதக் கேளுங்க” என்று ஆரம்பித்தார். பதில் இல்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். ஒரு நிமிஷம் கெஞ்சினார். இரண்டாவது நிமிஷம் குரல் உடைந்தது. “நான் செய்தது தப்புதான், மச்சான். ஒரு வார்த்த பேசுங்க” என்று மூக்கை உறிஞ்சினார்.

வெளியே ரோஸ்லெட் கத்தினாள். “இஞ்ச ஓடி வாருங்க! கார் பேசுது!”

ஜெயசிங் முற்றத்துக்கு ஓடினார். செவ்வாய்க்கிழமைப் பதற்றத்தில் காரின் சாவியைத் திருப்பி அணைக்காமல், கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருந்தார். கார் பக்கத்தில் இருந்தால் போனின் பேச்சையெல்லாம் அந்தச் செட்டு தானே பிடுங்கிக்கொள்ளும். அதுதான் அதன் விசேஷம் என்று அவரே சொல்லி விற்பார். டிரைவர் சீட்டில் அடுத்த வீட்டுக் கோழி உட்கார்ந்திருந்தது.

“ஹலோ? யாரு? மாப்பிளயா?” என்று காரின் நான்கு ஸ்பீக்கரிலும் ஜெபமணியின் குரல் கேட்டது.

“கொக் கொக் கொக்” என்றது கோழி, மைக்கின் பக்கம் திரும்பி.

“என்னது, களியாக்குதியளா? என்னப் பாத்தாக் கேலியாட்டா இருக்கு?”

“கொக்!”

ஜெயசிங் கதவைத் திறப்பதற்குள் அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். திரும்பப் போட்டபோது அது அணைக்கப்பட்டிருந்தது. அன்று முழுக்க அணைக்கப்பட்டே இருந்தது.

“மூணு நிமிசம்” என்று ரோஸ்லெட் போனைப் பார்த்துச் சொன்னாள். “மூணு நிமிசம் எனக்க மைனிட்ட கோழியப் பேச விட்டிருக்கிய.”

“நேர்ல போறேன். இப்பளே போறேன்” என்று ஜெயசிங் சாவியைத் திருகினார். கார் கிளம்பவில்லை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் செட்டு ஓடி, பேட்டரி காலியாகியிருந்தது.

ஆகையால் அவர் ஜெபசீலனைப் பைக்கில் அனுப்பினார். ஜெபசீலன் போனது பேச்சிப்பாறைக்கு என்றாலும், போகிற வழியில் குலசேகரத்தில் ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் தின்றார். தின்னும்போது பக்கத்தில் இருந்தவரிடம் வந்த காரியத்தையும் சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்தார்.

“என்னடே சொன்னாரு?”

“எங்க அண்ணே சொல்ல? என்னக் கண்டதும் பின்வாசல் வழியா எறங்கி ரப்பர் தோட்டத்துக்குள்ள போயிட்டாரு. நானும் பின்னால போனேன். மரத்துக்கு மரம் ஓடுகாரு. நான் அந்தப் பக்கம் போனா அவரு இந்தப் பக்கம் வாறாரு.”

“மைனி?”

“மைனி கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, அவிய இல்லன்னு சொன்னாவ. அவரு மரத்துக்குப் பின்னால நிக்கியது எங்க ரெண்டு பேருக்கும் தெரியுது.”

ரோஸ்லெட் அழ ஆரம்பித்தாள். அவ்வளவு வெறுத்துவிட்டாரா அண்ணன்?

வியாழக்கிழமை சம்பந்தி ஞானதாஸ் சார் போனில் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அப்பா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய குரலை அவர் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை.

“தாய்மாமன் பிணங்கி இருக்காராமே? குலசேகரத்துல சாயாக்கடையில எங்க ஆளு கேட்டுருக்கு.”

“அப்பிடி ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லெங்கி நல்லது. எனக்க மூத்த மகளுக்க கல்யாணத்துல ஒரு மாமன் பிணங்கி, பந்தல்ல வச்சு நடந்த கூத்த ஊரே பாத்தாச்சு. இனியும் அப்பிடி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம். சனிக்கிழம சாயங்காலத்துக்குள்ள அந்த மனுசன் வருவேன்னு அவருக்க வாயால எனக்கிட்டச் சொல்லணும். இல்லெங்கி ஞாயிற்றுக்கிழம சர்ச்சுல மூணாவது கல்யாண அறிவிப்பு வாசிக்காண்டாம்ன்னு பாஸ்டர் அய்யர்ட்டச் சொல்லிருவேன்.” மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்காமல் சர்ச்சில் கல்யாணம் நடக்காது.

அந்தக் குரல் போனைத் தாண்டி அடுத்த அறையில் இருந்த லிஜாவுக்கும் கேட்டது. தைக்கக் கொடுத்திருந்த கல்யாண பிளவுஸை வாங்கப் போக வேண்டியவள், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பேட்டரி சார்ஜ் ஏறி கார் சரியாவதற்கு சனிக்கிழமை மத்தியானம் ஆயிற்று. ஏறி உட்கார்ந்ததும் ஜெயசிங் முதல் வேலையாக அந்த மைக்கைப் பிடித்து வயரோடு பிடுங்கி வாழைமூட்டில் எறிந்தார்.

“இனி என்ன பேசினாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்றார்.

திற்பரப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஞானதாஸ் சார் அழைத்தார். மைக் போனாலும் செட்டு போகவில்லை. அழைப்பைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டது.

“ஜெயசிங்கா? மூணு மணியாச்சு. என்ன ஆச்சு?”

“போய்க்கிட்டே இருக்கோம் சார்! இன்னும் அர மணிக்கூர்!”

“ஹலோ? கேக்குதா? மாமன் வருவாரா, மாட்டாரா?”

“வருவாரு சார்!” என்று ஜெயசிங் கத்தினார். “வருவாரு!” என்று ரோஸ்லெட் கத்தினாள். இருவரும் சேர்ந்து கத்தியதில் ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“பேச்சே இல்ல” என்றார் ஞானதாஸ் சார் தன் பக்கத்தில் இருந்த யாரிடமோ. “கார் ஓடுக சத்தம் கூட இல்ல. பதில் சொல்ல வாயில்ல போல. செரி, எனக்குப் புரிஞ்சாச்சு.” வைத்துவிட்டார்.

ஜெயசிங் ஓரமாக நிறுத்தினார். “ஏட்டி, நம்ம பிள்ளைக்கு நானே குழி தோண்டிட்டேன்” என்றார். ரோஸ்லெட்டுக்கு அவரை ஏச வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “வண்டிய எடுங்க. அண்ணன் ஓடினா நானும் ஓடுவேன். சின்னதுல இருந்தே என்னால அவரப் பிடிக்க முடியும்” என்றாள்.

அணையைத் தாண்டி மேட்டில் ஏறித் தங்கப்பனின் வீட்டு முன்னால் கார் நின்றது. முற்றத்தில் சுடலையாண்டி ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்த தங்கப்பன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தோட்டத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

“அண்ணா!”

ரோஸ்லெட்டின் அந்தக் குரலில் தங்கப்பன் நின்றார். திரும்பாமல் நின்றார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அண்ணா, நீ வரல்லெங்கி எனக்க பிள்ளைக்குக் கல்யாணம் இல்ல.”

தங்கப்பன் தங்கையைப் பார்த்தார். பிறகு ஜெயசிங்கைப் பார்த்தார். ஏதோ அடி விழும் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“நான் வரணும்ன்னா சொல்லுகிய? ரெண்டு பேரும்?”

“காலப் பிடிச்சுச் சொல்லுகோம் மச்சான்” என்றார் ஜெயசிங். கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

தங்கப்பனின் முகம் மலர்ந்தது. கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நானில்லாம யாரு பிள்ளைய ஏத்துவா? வருவேன் மக்கா. முந்தின நாளே வருவேன். நடந்ததெல்லாம் விடு. அத இனிப் பேசாண்டாம், ஒருத்தரும் பேசாண்டாம்” என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஜெயசிங் நேரத்தை வீணாக்கவில்லை. கார் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, காரிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் போய் ஞானதாஸ் சாருக்கு போன் போட்டுத் தங்கப்பனின் காதில் வைத்தார். “தாய்மாமன் பேசுகேன். நான் வருவேன். எனக்க கையாலதான் பிள்ள கார் ஏறும்” என்றார் தங்கப்பன். எதிர்ப்பக்கத்தில் குரல் இளகியது. நாளை மூன்றாவது அறிவிப்பு வாசிக்கப்படும்.

எல்லாம் முடிந்தது. சாயாவும் பலாச்சக்கை வற்றலும் வந்தன. ஜெபமணி ஜெயசிங்குக்கு மூன்று தடவை வற்றல் போட்டார். தங்கப்பன் தன் நாற்காலியைத் தந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயசிங் குடித்த சாயா போதும் என்று எழுந்திருந்தால் இந்தக் கதையும் இங்கே முடிந்திருக்கும்.

ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன்! இத்தனை ஏச்சையும் காதால் கேட்டுவிட்டு, ஒரு கோபம் இல்லை, ஒரு குத்தல் இல்லை. இப்படிப்பட்டவரிடம் வாயால் மன்னிப்புக் கேட்காமல் போனால் தான் என்ன மனுஷன்?

“மச்சான், நான் ஒரு காரியம் பேசணும்” என்றார்.

“பேசாண்டாம்ன்னு சொன்னேனே மாப்பிள” என்று தங்கப்பன் பதறினார்.

“எந்திரிங்க, நேரமாச்சு” என்று ரோஸ்லெட் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இல்ல, எனக்க பாரம் எறங்கணும். நீங்க பால்ல வெள்ளம் சேக்கியன்னு நான் சொன்னது தப்பு.”

தங்கப்பன் அவரைப் பார்த்தார்.

“மீசைக்கு மை பூசுகிய, அது வெயில்ல நாடி வர ஒழுகும்ன்னு சொன்னதும் தப்பு. அது ஒங்க மீச.”

தங்கப்பனின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

“லிஜாவுக்கு நீங்க இட்ட மால கவரிங்ன்னு ரோஸ்லெட் சொன்னா. அவளும் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது. இருவத்திநாலு வருசம் மறச்சு வச்சவ, இன்னும் கொஞ்சம் மறச்சிருக்கலாம்.”

“கவரிங்கா?” என்றார் ஜெபமணி, புருஷனைப் பார்த்து. “பவுனுன்னு எனக்கிட்ட வாங்கின ரூவாயெல்லாம் எங்க?”

ரோஸ்லெட் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயசிங்குக்குப் பாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியவில்லை. ஜெபமணியின் பக்கம் திரும்பியதும் காரில் சொல்லாததும் வெளியே வந்தது.

“அக்காவுக்க கொழுக்கட்டய நான் ஒரு நாளும் தின்னதில்ல அக்கா. எல்லாத்தையும் ஒங்க நாய்க்குத்தான் இட்டேன். அதுக்கும் மன்னிப்பு.”

தங்கப்பன் ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். நாலு நாளாக மரத்துக்கு மரம் ஒளிந்தவரின் முதுகு இப்போது நேராக இருந்தது.

“இதெல்லாம் எப்பம் சொன்னிய?” என்று கேட்டார்.

“நீங்கதான் கேட்டியளே மச்சான், செவ்வாய்க்கிழம! லேப்டாப்புல!”

முற்றத்தில் கடைசி ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சுடலையாண்டி திரும்பினார்.

“எங்க சார் கேக்க? ஒங்களுக்குப் போன் வந்ததும் இங்க ஒங்க படமும் சத்தமும் நின்னு போச்சு. லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சு இவிய ரெண்டு பேரும் ஒங்கள வாய்க்கு வந்தபடி ஏசினத நீங்க கேட்டுட்டியன்னுல்லா எங்க மொதலாளி நாலு நாளா ஒங்களப் பயந்து தோட்டத்துக்குள்ள ஒளிச்சு நடந்தாரு!”